ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரின் நயம்

மணப்பாட்டில் திருச்சிலுவை ஆலயம் நிற்கும் மணற்குன்றின் மேல் ஏறி நின்றால் எதிரே மன்னார் வளைகுடா விரிகிறது. 1542-இல் வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை இந்தக் குன்றில்தான் இருக்கிறது. ஆலயம் 1581-இல் எழுந்தது. இந்த வளைகுடாவின் பார்களில் முத்துக்குளித்தவர்களின் வழிவந்தவர்கள் இந்தக் கரையெங்கும் வாழ்கிறார்கள். பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும் தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் இன்றும் உண்டு. எட்டுப் பாக ஆழத்துக்கு மூச்சடக்கி இறங்குகிறவரின் நெஞ்சை ஏறக்குறைய 1,500 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் அழுத்துகிறது. அவருடைய நுரையீரல் அதற்கேற்பச் சுருங்கிக் கொடுத்து, மேலே வந்ததும் விரிந்துகொள்கிறது. மூச்சின் வலிமைக்கு இதைவிடச் சிறந்த சான்றை இந்தக் கரையில் தேட வேண்டியதில்லை.

நான் பாராட்ட எடுத்துக்கொண்டது அதே அளவுகோலின் மறுமுனையை. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர். கரையில் நிற்பவரின் கணுக்கால்கூட முழுதாக நனையாத ஆழம். 28 வாரத்தில் பிறந்து ஒரு கிலோ எடையோடு படுத்திருக்கும் குறைமாதக் குழந்தைக்கு அந்த ஐந்து சென்டிமீட்டர் அழுத்தம்தான் நுரையீரலில் தேங்கிய நீர் வெளியேறத் துணை நிற்கிறது. அதைவிடக் குறைத்தால் நீர் திரும்பி வருகிறது. அளவு மீறிக் கூட்டினால் நுரையீரல் கிழியக்கூடும். இந்த இடைவெளிக்குள் நடப்பதை ஒவ்வொரு படியாக நின்று பார்த்தால் வியப்பு கூடிக்கொண்டே போகும்.

முதலில் அந்த நீரைப் பார்ப்போம். கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் முழுக்க நீர் நிறைந்திருக்கும். பனிக்குட நீர்தான் மூக்குவழி உள்ளே புகுந்து நிற்கிறது என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 1948-இல் பிரான்சைச் சேர்ந்த அல்ஃப்ரெட் ஜோஸ்ட்டும் போலிகாரும் முயல் கருவின் மூச்சுக்குழலைக் கட்டிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து நீர் வர வழியே இல்லை. ஆனாலும் நுரையீரல் வற்றாமல் பருத்தது. அந்த நீர் நுரையீரலே ஊறவைத்த நீர் என்பது அப்போது துலங்கியது.

அது ஊறும் விதம் நுட்பமானது. நுரையீரலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ரத்தத்திலிருந்து குளோரைடை எடுத்து உள்ளறைக்குள் தள்ளுகின்றன. குளோரைடின் பின்னால் சோடியம் போகிறது. உப்பு போன இடத்துக்குத் தண்ணீரும் போகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் விளையும் அதே சோடியமும் குளோரைடும்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. பிறக்கும் தறுவாயில் இருக்கும் ஆட்டுக்கருவில் அளந்தபோது, ஒவ்வொரு கிலோ எடைக்கும் மணிக்கு நான்கைந்து மில்லி நீர் ஊறுவது தெரிந்தது. எந்த நேரத்திலும் கிலோவுக்கு 25 முதல் 30 மில்லி நீர் உள்ளே நிற்கிறது. பிறந்த பிறகு இயல்பாக மூச்சுவிட்டு முடித்ததும் நுரையீரலில் தங்கும் காற்றின் அளவும் ஏறக்குறைய இதுவே. நாளை காற்று நிற்க வேண்டிய இடத்தை இன்றைக்குத் தண்ணீர் அளந்து, விரித்து, பிடித்து வைத்திருக்கிறது.

இந்த நீர் வெறும் இடம்பிடிப்பும் அன்று. ஆட்டுக்கருவின் மூச்சுக்குழலிலிருந்து நீரைத் தொடர்ந்து வடித்துவிட்டால் நுரையீரல் வளராமல் சிறுத்துப்போகிறது. உள்ளிருந்து கொடுக்கும் அந்த மெல்லிய விரிவுதான் அது வளரத் தூண்டுகோல். நீர் வெளியே ஓடிவிடாமல் காப்பது குரல்வளை. கரு மூச்சசைவு செய்யாத நேரங்களில் குரல்வாய் மூடி நின்று, பனிக்குடத்தைவிடச் சற்றே கூடுதலான அழுத்தத்தை நுரையீரலுக்குள் காக்கிறது. பிறகு கதை திரும்பும் இடத்தில் இந்தக் கதவு மீண்டும் வரப்போவதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிறு விவரம். இந்த நீரில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இதில் இல்லை. செல்களுக்கு இடையிலான இணைப்பு அவ்வளவு நெருக்கம். உப்பும் நீரும் செல்லின் அனுமதியோடு போகலாம், புரதம் நுழையக்கூடாது. இந்த ஒரு கட்டுப்பாட்டின் பயன் பிறந்த சில மணி நேரத்தில் தெரியவரும்.

பிரசவ வலி தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிறது. வலி எடுக்கும் நேரத்தில் குழந்தையின் உடலில் அட்ரினலின் பெருகுகிறது. இதுவரை குளோரைடை உள்ளே தள்ளிக்கொண்டிருந்த அதே சுவர் இப்போது சோடியத்தை உள்ளறையிலிருந்து எடுத்துத் திசுவுக்குள் அனுப்பத் தொடங்குகிறது. சோடியம் போன வழியே தண்ணீரும் போகிறது. நீரை ஊறவைத்த சுவரே நீரை உறிஞ்சுகிறது. 1978-இல் வால்டர்ஸ், ஆல்வர் ஆகிய இருவரும் ஆட்டுக்கருவில் அட்ரினலினைச் செலுத்தி இந்தத் திருப்பத்தைக் காட்டினார்கள். பிறகு சோடியம் நுழையும் வாயில்களை அமிலோரைடு என்ற மருந்தால் அடைத்தபோது உறிஞ்சல் நின்றது. 1996-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆய்வாளர்கள் இந்த வாயிலின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு இல்லாத சுண்டெலிகளைப் பிறப்பித்தார்கள். நுரையீரல் நீரை வெளியேற்ற முடியாமல் அவை 40 மணி நேரத்துக்குள் இறந்துபோயின. கண்ணுக்கே தெரியாத ஒரு வாயில் இல்லாததால் அவற்றால் முதல் இரண்டு நாளைக்கூடத் தாண்ட முடியவில்லை.

ஆனால் சோடியத்தின் வேகம் மட்டும் போதாது. பிறந்த குழந்தை சில நிமிடங்களுக்குள் மூச்சுவிட்டாக வேண்டும், உப்பைப் பின்தொடரும் நீரோ மெல்லத்தான் நகரும். மீதியைச் செய்வது யார்? பிறப்புவழியில் நெஞ்சு நெரிபடும்போது நீர் பிழிந்து வெளியேறுகிறது என்பது பழைய விளக்கம். ஓரளவு நீர் அப்படி வாய்வழி வருவது உண்மைதான். பெரும்பகுதி நீர் எப்படிப் போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் இருக்கும் ஸ்பிரிங்-8 என்ற பெரும் ஒளிக்கூடம் தேவைப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டுவர்ட் ஹூப்பரும் அவருடைய குழுவினரும் அங்கே எடுத்த எக்ஸ்ரே படங்கள் 2007-இல் வெளிவந்தன. சாதாரண எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். இவர்கள் எடுத்த படங்கள் காற்றும் நீரும் சந்திக்கும் எல்லையில் கதிர் சற்றே வளைவதைப் பிடித்துக் காட்டின. நீர் நிறைந்த நுரையீரல் படத்தில் தெரியாது, காற்று நுழைந்த இடம் மட்டும் புள்ளி புள்ளியாகப் பூத்துத் தெரியும்.

பிறந்த முயல்குட்டியின் முதல் மூச்சுகளை அந்தப் படங்களில் பின்தொடர்ந்தபோது ஒன்று தெளிவானது. காற்றும் நீரும் சந்திக்கும் எல்லை மூச்சை இழுக்கும்போது மட்டும் உள்நோக்கி நகர்கிறது. மூச்சை விடும்போது நிற்கிறது, சில சமயம் சற்றுப் பின்வாங்குகிறது. அடுத்த இழுப்பில் இன்னும் கொஞ்சம் முன்னேறுகிறது. நுரையீரல் நீரை வெளியே தள்ளும் பெருவிசை குழந்தையின் சொந்த மூச்சிழுப்புதான். நெஞ்சு விரியும்போது உண்டாகும் அழுத்த வேறுபாடு நீரைக் காற்றறையின் சுவர்வழியே சுற்றியுள்ள திசுவுக்குள் நகர்த்துகிறது. சில மூச்சுகளிலேயே நுரையீரலின் பெரும்பகுதி காற்றுக்கு இடம் கொடுத்துவிடுகிறது.

திசுவுக்குள் போன நீர் அங்கேயே சில மணி நேரம் தங்குகிறது. காற்றறைகளைச் சுற்றிய திசு நீரால் உப்பி, அதன் அழுத்தம் ஏறுகிறது. பிறந்த முயல்குட்டிகளில் அளந்தபோது அது சுமார் 6 சென்டிமீட்டர் தண்ணீர் வரை உயர்ந்தது. இங்கேதான் முன்பு சொன்ன புரதக் கட்டுப்பாட்டின் நயம் வெளிப்படுகிறது. திசுவில் தேங்கிய நீரில் புரதம் இல்லை, பக்கத்தில் ஓடும் ரத்தத்தில் நிறைய இருக்கிறது. புரதம் இருக்கும் பக்கம் நீர் ஈர்க்கப்படும். முதல் மூச்சோடு நுரையீரல் ரத்தநாளங்கள் விரிந்து ரத்தம் பெருகி ஓடத் தொடங்கியிருக்கும். ஆகவே நீரின் பெரும்பகுதி நேரே ரத்தத்துக்குள் இழுக்கப்படுகிறது. ஒரு பங்கு நிணநீர்க்குழாய் வழியே போகிறது. கருவில் மாதக்கணக்காகப் புரதத்தை உள்ளே விடாமல் காத்த சுவர், நீர் வெளியேறும் பாதையையும் அப்போதே அமைத்து வைத்திருக்கிறது.

இத்தனையும் நிறைமாதக் குழந்தைக்கு இயல்பாக நடந்துவிடும். குறைமாதக் குழந்தைக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு குறை இருக்கிறது. சோடிய வாயில்கள் இன்னும் போதிய அளவு வளர்ந்திருக்காது. 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இதைக் குழந்தையின் மூக்கிலேயே அளந்தார்கள். மூக்கின் உட்படலமும் நுரையீரலின் உட்படலமும் ஒரே வகை வாயில்களைக் கொண்டவை என்பதால், அங்கே தெரியும் நுண்ணிய மின்னழுத்தத்தை வைத்துச் சோடியம் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று கணித்தார்கள். மூச்சுத்திணறல் கண்ட மிகக் குறைமாதக் குழந்தைகளில் அது குறைவாக இருந்தது. குழந்தையைத் துன்புறுத்தாமல் நுரையீரலின் நிலையை மூக்கின் ஓரத்தில் படித்துக்கொண்ட அந்த அறிவைத் தனியே பாராட்ட வேண்டும்.

இரண்டாவது குறை, சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்புப் பொருள் போதாமை. 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இதன் குறைவே காரணம் என்று கண்டார்கள். இந்தப் பொருள் இல்லாத காற்றறையில் நீர்ப்பரப்பு தன்னைத்தானே இறுக்கிச் சுருக்கிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சை விடும்போதும் காற்றறை ஒட்டிப்போகும். அத்தோடு நிற்பதில்லை. அந்த இறுக்கம் திசுவில் இருக்கும் நீரையும் மீண்டும் காற்றறைக்குள் உறிஞ்சும். மூன்றாவது குறை, விலாவெலும்புகள் இன்னும் குருத்தாகவே இருப்பது. குழந்தை மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதற்குப் பதில் நெஞ்சுக்குழி உள்வாங்குகிறது. இழுப்பின் பலம் அங்கேயே வீணாகிறது.

இந்த நிலையில் குழந்தை தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்கிறது. முனகுகிறது. ஒவ்வொரு மூச்சை விடும்போதும் குரல்வாயைப் பாதி மூடிக்கொண்டு விடுகிறது. காற்று முழுதாக வெளியேறிவிடாமல் உள்ளே ஓர் அழுத்தம் நிற்கிறது. அந்த அழுத்தம் காற்றறையை ஒட்டவிடாமலும் நீரைத் திரும்ப வரவிடாமலும் காக்கிறது. 1968-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஹாரிசனும் அவரோடிருந்தவர்களும் இதை அளந்து எழுதினார்கள். மூச்சுக்குழலில் குழாய் போட்டதும் குழந்தையால் முனக முடியவில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தது. குழாயை எடுத்ததும் முனகல் திரும்பியது, ஆக்சிஜனும் ஏறியது. உதவி செய்யப் போட்ட குழாய் குழந்தையின் சொந்த உபாயத்தைப் பறித்திருந்தது. 1971-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி அந்த முனகலின் வேலையைக் கருவியால் செய்து காட்டினார். தொடர்ந்து ஓர் அழுத்தத்தைக் காற்றுப்பாதையில் நிறுத்தினார். 20 குழந்தைகளில் 16 பேர் பிழைத்தார்கள். சிபாப் என்று இன்று எல்லாப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் அழைக்கப்படும் சிகிச்சைக்கு அதுவே தொடக்கம்.

பபிள் சிபாப் என்ற கருவியின் எளிமையை இங்கே கொஞ்சம் ரசிக்க வேண்டும். ஈரமும் வெப்பமும் ஊட்டிய காற்று ஒரு குழாய்வழி குழந்தையின் மூக்குக்கு வருகிறது. அங்கிருந்து இன்னொரு குழாய் ஒரு புட்டித் தண்ணீருக்குள் போகிறது. குழாயின் நுனி தண்ணீருக்குள் எத்தனை சென்டிமீட்டர் மூழ்கியிருக்கிறதோ, அத்தனை சென்டிமீட்டர் அழுத்தம் குழந்தையின் நுரையீரலில் நிற்கும். ஐந்து வேண்டுமானால் ஐந்து சென்டிமீட்டர் மூழ்கவிட வேண்டும். மின்பலகையும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். புட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தால் அழுத்தம் இருக்கிறது என்று பொருள். குமிழி நின்றால் எங்கோ கசிகிறது. முன்பு சொன்ன திசு அழுத்தத்தை நினைத்துப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நீர் சுமார் 6 சென்டிமீட்டர் விசையோடு திரும்பி வரக் காத்திருக்கிறது. இந்தப் பக்கம் புட்டியின் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் அதை எதிர்த்து நிற்கிறது. நுரையீரல் நீரைத் தடுத்து நிறுத்துவது ஒரு புட்டித் தண்ணீர்தான்.

இதன் சான்றை ஹூப்பரின் குழு 2009-இல் காட்டியது. குறைமாத முயல்குட்டிகளுக்குக் கருவியால் மூச்சு கொடுத்தார்கள். மூச்சின் முடிவில் அழுத்தமே வைக்காதபோது, இழுப்பில் நுழைந்த காற்று ஒவ்வொரு முறையும் வெளியேறியது. நுரையீரலில் காற்று சேரவே இல்லை. மூச்சின் முடிவிலும் 5 சென்டிமீட்டர் அழுத்தத்தை விடாமல் வைத்தபோது, ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று தங்கிச் சேர்ந்தது. இழுப்பில் முன்னேறிய எல்லை விடும்போது பின்வாங்காமல் நின்றது. காற்றை உள்ளே செலுத்துவதோடு, செலுத்திய இடத்தை மூச்சுகளுக்கு இடையிலும் விடாமல் காப்பதே மென்மையான மூச்சுதவியின் உயிர்நிலை.

சரி, ஐந்து நல்லதென்றால் வலுவாக ஊதி ஒரே தள்ளில் நீரைப் போக்கிவிடலாமே என்று தோன்றும். 1997-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் பியோர்க்லுண்டும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. உடன்பிறந்த குறைமாத ஆட்டுக்குட்டிகளை இணை இணையாக எடுத்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மட்டும் பிறந்த உடனே ஆறு பெரிய மூச்சுகளை ஊதினார்கள். ஆறே ஆறு. கிலோவுக்கு 35 முதல் 40 மில்லி வரை. பிறகு இரண்டுக்கும் ஒரே விதமாகச் சர்ஃபாக்டன்ட் மருந்தும் மூச்சுதவியும் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம் கழித்தும், ஆறு மூச்சு வாங்கிய குட்டிகளின் நுரையீரல் கெட்டியாகி, மருந்துக்கு இணங்காமல் நின்றது. அடுத்தடுத்துக் கொடுத்த நல்ல மருந்தாலும் முதல் ஆறு மூச்சின் பிழையைத் திருத்த முடியவில்லை.

காரணம் அந்தச் சுவர்தான். மிகையாக விரித்தால் செல்களுக்கு இடையிலான இணைப்பு பிரிகிறது. மாதக்கணக்காக வெளியே நிறுத்தி வைத்த புரதம் ரத்தத்திலிருந்து காற்றறைக்குள் கசிகிறது. புரதம் நீரை உள்ளே இழுக்கிறது, சர்ஃபாக்டன்ட்டையும் செயலிழக்க வைக்கிறது. நீர் போக வேண்டிய திசையே புரண்டுபோகிறது. வளர்ந்த எலிகளில் செய்த ஆய்வுகளில், மிகையளவு காற்றை ஊதிய நுரையீரலில் சோடியத்தை நகர்த்தும் பம்ப் தளர்ந்து, நீரை வெளியேற்றும் திறன் குறைந்ததைக் கண்டிருக்கிறார்கள். நீரைப் போக்க வேண்டும் என்று பலமாக ஊதினால், நீரைப் போக்கும் உறுப்பையே முடக்கிவிடுகிறோம்.

இன்னும் ஒரு பாடம் அண்மையில் கிடைத்தது, சற்று வலியோடு. நீரின் எதிர்ப்பை வெல்ல முதல் மூச்சைச் சில வினாடிகள் நீட்டி ஊதினால் நல்லது என்ற கருத்து நியாயமாகவே தோன்றியது. முயல்குட்டிகளில் நன்றாக வேலையும் செய்தது. 23 முதல் 26 வாரத்தில் பிறந்த குழந்தைகளில் இதைச் சோதித்தது சைல் ஆய்வு. முடிவுகள் 2019-இல் வந்தன. 15 வினாடி நீளும் ஊதலைப் பெற்ற குழந்தைகளில் முதல் 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 7.4 சதவீதம், வழக்கமான முறையைப் பெற்றவர்களில் 1.4 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

எதிர்பார்த்தபடி ஏன் நடக்கவில்லை என்று தேடும்போது முன்பு நினைவில் வைக்கச் சொன்ன கதவுக்கு வருகிறோம். ஸ்பிரிங்-8 படங்களைக் கொண்டு ஹூப்பரின் குழுவினர் 2018-இல் காட்டியது இது. பிறந்ததும் தானாக மூச்சுவிடாமல் இருக்கும் குறைமாதக் குட்டியின் குரல்வாய், கருவில் இருந்தது போலவே மூடிக் கிடக்கிறது. முகமூடி வைத்து வெளியிலிருந்து ஊதினாலும் காற்று பெரும்பாலும் நுரையீரலுக்குப் போவதில்லை. குட்டி தானே மூச்செடுக்கத் தொடங்கினால்தான் கதவு திறக்கிறது. நுரையீரல் நீரைக் காத்த கதவு, நீரைப் போக்க வந்த காற்றையும் தடுத்து நிற்கிறது. அதைத் திறப்பது குழந்தையின் சொந்த மூச்சு மட்டுமே. ஆகவேதான் இன்று பிரசவ அறையில் முதுகை மெல்லத் தடவித் தூண்டுவதும், குளிராமல் காப்பதும், குழந்தை தானே மூச்செடுக்க ஊக்குவதும், மூக்கில் மெல்லிய அழுத்தத்தை நிறுத்துவதும் முதன்மையான செயல்களாகிவிட்டன. கருவி குழந்தையின் மூச்சுக்குத் துணை நிற்க வேண்டும். அதன் இடத்தைப் பிடிக்கும்போதெல்லாம் தோற்கிறது.

மென்மைக்கும் எல்லை உண்டு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2008-இல் வெளிவந்த காயின் ஆய்வில் 25 முதல் 28 வாரத்தில் பிறந்த 610 குழந்தைகள் இடம்பெற்றார்கள். பிறந்ததும் சிபாப் வைத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் சில நாள்களில் மூச்சுக்குழலில் குழாய் தேவைப்படவில்லை. ஆனால் அங்கே தொடங்கிய அழுத்தம் 8 சென்டிமீட்டர். நுரையீரல் கிழிந்து காற்று நெஞ்சறைக்குள் கசிந்தவர்கள் சிபாப் பிரிவில் 9 சதவீதம், பிறந்ததும் குழாய் போட்ட பிரிவில் 3 சதவீதம். எட்டுக்கும் ஐந்துக்கும் நடுவில் இருப்பது மூன்று விரல் அகலம்கூட இல்லை. இங்கே மென்மை என்பது மனநிலையோ குணமோ மட்டும் அன்று, துல்லியமாக அளந்து கொடுக்க வேண்டிய மருந்து.

சிபாப் போதாமல் வென்டிலேட்டரே தேவைப்படும் குழந்தைகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் இதே அளவறிவுதான் பொருந்தும். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 4 முதல் 6 மில்லி. ஒரு கிலோக் குழந்தைக்கு ஐந்து மில்லிக் காற்று. லுண்ட் ஆய்வின் பெரிய மூச்சு இதைப் போல் ஏழெட்டு மடங்கு. இன்றைய நல்ல கருவிகள் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போன காற்றை அளந்து, நீர் வடிந்து நுரையீரல் இளகத் தொடங்கியதும் தாமாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்கின்றன. நீர் வடிய வடிய நுரையீரல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. சற்று முன்பு சரியாக இருந்த அழுத்தம் இப்போது மிகையாகிவிடும். அந்த மாற்றத்தைப் பின்தொடரத் தெரிந்த கருவியே மென்மையான கருவி. அமெரிக்க யூட்டா பல்கலைக்கழகத்தில் கர்ட் ஆல்பர்டைன் குழுவினர் குறைமாத ஆட்டுக்குட்டிகளை ஒப்பிட்டபோது, குழாய்வழி மூச்சு பெற்றவற்றைவிட மூக்குவழி மூச்சு பெற்றவற்றின் நுரையீரலில் காற்றறைகள் நன்றாகப் பிரிந்து வளர்ந்திருந்தன. முதல் நாள்களின் மென்மை பின்னாளின் நுரையீரல் அமைப்பிலும் தெரிகிறது.

எண்களை இவ்வளவு சொன்னாலும், அவற்றைக் குழந்தையின் மூக்கில் நடைமுறையாக்குவது செவிலியரின் கைதான். 1987-இல் மேரி எலன் ஏவரி அமெரிக்காவின் எட்டு மையங்களை ஒப்பிட்டார். நாள்பட்ட நுரையீரல் நோய் மிகக் குறைவாக இருந்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில். அங்கே ஜென்-டியன் வுங் என்ற மருத்துவர் பபிள் சிபாப்பைப் பிறந்ததும் தொடங்கி, வென்டிலேட்டரைக் கடைசிக்கு ஒத்திவைக்கும் பழக்கத்தை ஊன்றியிருந்தார். கருவி எல்லோருக்கும் கிடைக்கக்கூடியதே. வேறுபாடு கவனிப்பில் இருந்தது. மூக்குக்குழாய் மிகப் பெரிதானால் மூக்கின் நடுத்தண்டு புண்ணாகும், சிறிதானால் காற்று கசியும். ஈரக்காற்றின் நீர் குளிர்ந்து புட்டியில் சேர்ந்தால் நீர்மட்டம் ஏறி, யாருக்கும் தெரியாமல் ஐந்து சென்டிமீட்டர் ஏழாகிவிடும். குழந்தை வாயைத் திறந்தால் அழுத்தம் ஓடிவிடும். வயிற்றில் காற்று சேர்ந்தால் உதரவிதானம் மேலேறி நுரையீரலை நெருக்கும். இத்தனையையும் இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்கும் செவிலியரின் உழைப்பில்தான் அறிவியலின் இந்த நயம் முழுமை பெறுகிறது. எந்தப் படத்திலும் பதிவாகாத அந்தக் கவனிப்பை இந்தப் பாராட்டின் நடுவில் வைக்கிறேன்.

கடைசியாக, மென்மையான மூச்சு பிறப்புக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. 1972-இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும் குறைப்பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது என்று காட்டினார்கள். அந்த ஊசி சர்ஃபாக்டன்ட்டைப் பெருக்குகிறது என்பது பலருக்கும் தெரியும். அதுவே சோடிய வாயில்களையும் பெருக்குகிறது. நீர் வெளியேறும் வழிகளை அது கருவிலேயே திறந்து வைக்கிறது. இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு, அதனால் பச்சிளங்குழந்தை இறப்பு குறைவதை 2020-இல் உறுதி செய்தது. இந்திய அரசு 2014-இலேயே இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசி. முதல் ஊசியைக் கிராம சுகாதார செவிலியரே போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கலாம்.

மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் உவரியிலும் ஆலந்தலையிலும் இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒன்பதாம் மாதம் நிறையாமல் இடுப்பு வலியோ, அடிவயிறு இறுகி இறுகித் தளர்வதோ, நீர்க்கசிவோ, ரத்தக்கசிவோ தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது உங்கள் கிராம சுகாதார செவிலியருக்குச் சொல்லுங்கள். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனைக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குழந்தையைக் கொண்டு சேர்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யச் சில மணி நேரமாவது வேண்டும். நீங்கள் முன்கூட்டிப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் குழந்தையின் நுரையீரலில் நீர் வடிய ஒரு வழியைத் திறக்கிறது.